இரசப் பதங்கம்

திருகோணமலை வீதி, கண்டி
4 நவம்பர் 1934

அன்பின் வரதராசா அவர்களுக்கு,

இரண்டு வருடமாக நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது. எழுத வைத்தது அதுவல்ல.

நேற்று கடைக்கு மருந்து வாங்க வந்த ஒரு தோட்டத்து ஆள் சட்டைப் பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்தார். 'தோட்ட மருந்துப் பெயர்க் கைந்நூல்'. அட்டையில் உங்கள் பெயர். ஆஸ்பத்திரி மருந்தறையில் நாம் ஒன்றாக வேலை பார்த்த நாட்களில், ஞாயிறுதோறும் என் அறையில் உட்கார்ந்து சேர்த்த சொற்கள் அல்லவா அவை? பாதிக்கு மேல் என் கையெழுத்தில் இருந்தவை. என் பெயரைத் தேடினேன், காணவில்லை. அதை விடுவோம்.

பதினான்காம் பக்கத்தை விட முடியவில்லை. கலோமலுக்கு 'இரசப் பதங்கம்' என்று போட்டிருக்கிறீர்கள். நாம் சண்டை போட்டுப் பிரிந்ததே அந்தச் சொல்லால்தான். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். பதங்கத்துக்கு ஆங்கிலத்தில் சப்ளிமேட். மருந்துக் கடையில் 'சப்ளிமேட்' என்று ஒருவர் கேட்டால், நாங்கள் கலோமலை எடுப்பதில்லை. சத்திரசிகிச்சை செய்கிறவர்கள் கையும் கத்தியும் கழுவுகிற சரக்கைத்தான் எடுப்போம். அதுவும் பாதரசத்தில் செய்தது, அதுவும் வெள்ளைத் தூள். கலோமல் ஐந்து கிரெயின் உள்ளே போனால் வயிறு கழியும். மற்றது ஐந்து கிரெயின் போனால் ஆளே போய்விடுவான்.

ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து, புத்தகம் வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள். இதைத் தவிர உங்களிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஹாஷிம்

*

தெல்தெனியத் தபால்
13 நவம்பர் 1934

ஹாஷிம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

பெயரைப் பற்றி முதலில். "என்ட பேரை அதில போட வேணாம்" என்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனவர் தாங்கள். நான் அதன்படியே செய்தேன்.

இனிச் சொல்லைப் பற்றி. ஒரு பொருளைச் சூடாக்க, அது உருகி ஓடாமல் நேரே ஆவியாகி, மேலே குளிர்ந்த மூடியில் போய்ப் படிந்தால், அந்தப் படிவுக்குப் பதங்கம் என்று பெயர். கலோமல் அப்படித்தான் செய்யப்படுகிறது. ஆகவே அது பதங்கம். இதில் பிழை எங்கே? நாட்டு வைத்தியர்கள் சொல்லும் 'பூரம்' என்ற பெயரை நான் ஏன் எடுக்கவில்லை என்பதும் தங்களுக்குத் தெரியும். பூரம் என்று கடைத்தெருவில் விற்பதில் பாதி நஞ்சு கலந்தது. மயக்கம் வரக்கூடாது என்றுதான் அந்தப் பேச்சுப் பெயரைத் தள்ளிவிட்டுச் சுத்தமான இரசாயனச் சொல்லை வைத்தேன். நஞ்சுக்கு அடுத்த பக்கத்திலேயே 'இரச வீரம்' என்று தனிப் பெயர் கொடுத்து, எச்சரிக்கையும் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் படிக்கிறவன் பிழை விடமாட்டான்.

இந்தப் புத்தகம் இல்லாத காலத்தை மறந்துவிட்டீர்கள். ஆங்கில எழுத்துத் தெரியாத ஒருத்தி, பூசுகிற தைலத்தைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்ததை நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் வருடமே கண்டேன். சொல் தமிழில் இருந்திருந்தால் அந்தக் குழந்தை இருந்திருக்கும்.

இங்கே காய்ச்சல் தொடங்கிவிட்டது. ஆற்றோரத் தொழிலாளர் லயங்களில் வீட்டுக்கு இருவர் மூவர் படுத்திருக்கிறார்கள். சொற்போருக்கு எனக்கு நேரமில்லை.

வ. வரதராசா
தோட்ட அப்போதிக்கரி

*

கண்டி
20 டிசம்பர் 1934

அன்பின் வரதர்,

தும்பறைப் பக்கமே காய்ச்சலில் சாய்ந்து கிடக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். திகனையில் எங்கள் வீட்டிலும் கூடப்பிறந்த ராத்தாவும் அவருடைய பிள்ளைகளும் படுக்கை. கடையில் காய்ச்சலுக்குக் கொயினாவும், அதற்கு முன் வயிறு கழியக் கொடுக்கிற கலோமலும் வைக்க வைக்கத் தீர்கின்றன. நோன்பு வைத்துக்கொண்டு விடிந்தது முதல் நின்றபடியே தூள் நிறுக்கிறேன். உங்கள் பாடு இதைவிட மோசமாக இருக்கும்.

முதலாளி எனக்குத் துணையாக ராஜலிங்கம் என்ற ஒருவரைக் கொழும்பிலிருந்து எடுத்திருக்கிறார். கெட்டிக்காரர், ஒழுங்கானவர். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர் என்பதால் தமிழ்ச் சீட்டு வந்தால் அகராதியைப் புரட்டுகிறார். தோட்டங்களிலிருந்து இப்போது தமிழ்ச் சீட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. உங்கள் புத்தகத்தின் புண்ணியம். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன்.

சந்தோஷத்தோடு பயமும் இருக்கிறது. ஆகவே கேளாமலே ஒரு காரியம் செய்தேன். இருநூறு திருத்தச் சீட்டுகள் அடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 'பக்கம் 14: இரசப் பதங்கம் என்பதை அடித்துக் கலோமல் என்று எழுதவும்.' இவ்வளவுதான். உங்கள் பெயரோ என் பெயரோ இல்லை. புத்தகம் யார் யாருக்குப் போனது என்பது உங்களுக்குத்தான் தெரியும். தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள்
ஹாஷிம்

*

தெல்தெனியத் தபால்
31 டிசம்பர் 1934

ஹாஷிம்,

சீட்டுகளைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

இந்த மாதம் மட்டும் எங்கள் தோட்டத்தில் பத்தொன்பது பேர் இறந்தார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரிமாரே படுத்துவிட்டதால், மருந்தறைகளை நோயாளிகளுக்கு எடுபிடி வேலை செய்த வாட்டுக்காரர்களும் கங்காணிகளும் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒரே துணை இந்தப் புத்தகம். இந்த நேரத்தில் 'புத்தகத்தில் பிழை' என்று ஒரு சீட்டுப் போனால், பதினான்காம் பக்கத்தை மட்டுமா சந்தேகிப்பார்கள்? கொயினாவின் அளவையும் சந்தேகிப்பார்கள். காய்ச்சல் தணியட்டும். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.

இதை எழுதும்போது நான் நேர்மையாக இருக்கிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. எனக்கும் நான்கு நாட்களாக விட்டு விட்டுக் காய்கிறது. தலை தெளிவாக இல்லை.

என் கையிருப்புத் தீரப்போகிறது. மருந்துச் சீட்டைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நீங்களே பார்த்து அனுப்புங்கள்.

வரதராசா

*

கண்டி
9 ஜனவரி 1935, புதன்

வரதர்,

இதை வாசித்தவுடன் எழும்புங்கள். மிச்சத்தை நடந்துகொண்டே வாசிக்கலாம்.

பெருநாளுக்காக வெள்ளிக்கிழமை திகனைக்குப் போயிருந்தேன். இன்று கடைக்குத் திரும்பி விஷப் பதிவேட்டைத் திறந்தால், சனிக்கிழமைத் திகதியில் ராஜலிங்கத்தின் எழுத்து: சப்ளிமேட், நாலு அவுன்ஸ், ஆற்றோரக் கொக்கோத் தோட்டம், கீழ்ப்பிரிவு மருந்தறை, கறுப்பையா. கோப்பிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். தமிழில் தெளிவாக, அழகான எழுத்தில் 'இரசப் பதங்கம்' என்று இருக்கிறது. அகராதியில் பதங்கத்துக்கு என்ன இருந்ததோ அதை ராஜலிங்கம் கொடுத்துவிட்டார். மருந்தறையைக் கழுவக் கேட்கிறார்கள் என்று நினைத்தாராம்.

அந்தத் தோட்டத்துக்குக் காலையில் தந்தி அடித்தேன், பதில் இல்லை. தோட்டத் தபால்காரனும் காய்ச்சலில் கிடப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் தந்தி தெல்தெனியத் தபால் கந்தோரிலேயே கிடக்கும். நான் வர எழுந்தேன், படியில் விழுந்துவிட்டேன். எனக்கும் காய்ச்சல், நூற்றுமூன்று. பஸ் சாரதி நஸீமிடம் இதைக் கொடுக்கிறேன். உங்களிடமிருந்து அந்தத் தோட்டம் நாலு மைல்.

நீங்கள் உங்கள் மருந்துக்கு எனக்கு எழுதிய சீட்டில் 'கலோமல்' என்று ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தீர்கள். இதைச் சொல்ல இது நேரமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓடுங்கள்.

ஹாஷிம்

*

கீழ்ப்பிரிவு மருந்தறை
12 ஜனவரி 1935

அன்பின் ஹாஷிம்,

உங்கள் காய்ச்சல் எப்படி? நஸீம் அனுப்பிய ஆள் வியாழன் காலை எட்டரைக்கு வந்தான். நான் பத்து மணிக்கு இங்கே இருந்தேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். சொன்னால்தான் எனக்கும் விளங்கும்.

மருந்தறைக் கதவு திறந்திருந்தது. மேசையில் உங்கள் கடைப் போத்தல், நஞ்சுக்கு ஒட்டும் சிவப்புச் சீட்டோடு. பக்கத்தில் வரிசையாக மடித்த சின்னக் கடதாசிப் பொட்டலங்கள். என்னுடைய புத்தகம் பதினான்காம் பக்கத்தில் விரித்து, காற்றில் புரளாமலிருக்கக் கல் வைத்திருந்தது.

கறுப்பையா முப்பத்தைந்து வயதிருக்கும் மனிதன், வாட்டுக்காரன். அப்போதிக்கரி காய்ச்சலோடு கண்டிக்குப் போன நாளிலிருந்து மூன்று வாரமாகத் தனியாக இதைப் பார்த்திருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். நான் நேரே மேசைக்குப் போனேன். ஒரு பொட்டலத்தைச் சாசரில் கொட்டி, சுண்ணாம்புத் தெளிநீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினேன். கலோமலாக இருந்தால் கறுக்க வேண்டும். மஞ்சளாயிற்று. ஹாஷிம், அவ்வளவு மஞ்சளை நான் கண்டதில்லை.

எத்தனை பேருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். போத்தல் முதல்நாள் மாலைதான் வந்து சேர்ந்ததாம், ஆட்கள் பேர் கொடுக்கக் கூடும் காலைப் பிரட்டில் பதினொரு பொட்டலம். லயம் லயமாக ஓடினோம். ஏழு பொட்டலம் கஞ்சி குடித்த பிறகு சாப்பிடலாம் என்று சேலைத் தலைப்பிலும் கூரை இடுக்கிலும் வைத்திருந்தார்கள், அவற்றைப் பிடுங்கினேன். நாலு பேர் விழுங்கிவிட்டார்கள். லயங்களில் இருந்த முட்டையெல்லாம் வாங்கி, வெள்ளைக்கருவை ஒருவர் மாறி ஒருவராகக் குடிக்க வைத்தேன். இரண்டு பேர் முன்பே நன்றாக வாந்தி எடுத்திருந்தார்கள். அவர்கள் தப்பலாம். மூன்றாவது, இரண்டு பிள்ளைகளின் தாய்.

நாலாவது ஆள் கறுப்பையாவே. அவனுக்கும் காய்ச்சல். சனங்கள் புது மருந்துக்குப் பயந்ததால், பிரட்டில் எல்லோருக்கும் முன்னால் முதல் பொட்டலத்தைத் தானே வாயில் போட்டுக் காட்டியிருக்கிறான். வாய் எரிந்தது என்றான். மருந்து என்றால் எரியும்தானே என்று பேசாமல் இருந்தானாம்.

சிவப்புச் சீட்டைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "பாத்தேனுங்க. மனசுக்கு ஒப்பல. இங்கிலீசு எழுத்த ஒண்ணொண்ணா கூட்டி, புத்தகத்துல பாத்தேன். சப்ளிமேட்டுன்னா பதங்கம்னு பின்பக்கம் போட்டிருக்குங்க" என்றான். எடுத்துக் காட்டினான். இருக்கிறது, ஹாஷிம். நாற்பதாம் பக்கம், பொதுச் சொற்கள் பட்டியலில். நான்தான் எழுதினேன். சிவப்புச் சீட்டு ஒட்டியவற்றையும் சொன்ன அளவில் கொடுத்தால் பயமில்லை என்று முன்னுரையில் எழுதியவனும் நான்தான். அவன் அவசரப்படவில்லை. ஒரு மனிதன் எவ்வளவு கவனமாக இருக்க முடியுமோ அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறான்.

இன்று மூன்றாம் நாள். அந்தத் தாயும் கறுப்பையாவும் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வயிற்று நோவு தணிந்துவிட்டது. அந்தப் பெண் கஞ்சி கேட்டாள். சனங்கள் எனக்கு நன்றி சொல்கிறார்கள். ஒருவர் கோழி கொண்டுவந்து தந்தார், வாங்கி மருந்தறை வாசலில் கட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் இருவருக்கும் நேற்று மத்தியானத்திலிருந்து சிறுநீர் ஒரு சொட்டும் பிரியவில்லை. அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். இங்கே வேறு ஒருவருக்கும் தெரியாது.

வரதராசா

*

கண்டி
17 ஜனவரி 1935

அன்பின் வரதர்,

காய்ச்சல் விட்டுவிட்டது. விடாமல் இருந்திருந்தால் நல்லது என்று தோன்றும்படி இங்கே காரியங்கள் நடக்கின்றன.

நேற்று தோட்டத்துத் துரை கடைக்கு வந்தார். முதலாளியும் அவரும் உள்ளறையில் ஒரு மணி நேரம் இருந்தார்கள். பிறகு என்னையும் ராஜலிங்கத்தையும் கூப்பிட்டார்கள். கறுப்பையா பிழைக்க மாட்டான் என்று துரைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெல்தெனியவில் மரண விசாரணை நடந்தால், 'படிப்பில்லாத வாட்டுக்காரன், சிவப்புச் சீட்டைக் கவனியாமல் கொடுத்துவிட்டான்' என்பதோடு முடித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் பேச்சு. கேட்ட சரக்கைக் கடை கொடுத்தது. சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. பதிவேட்டில் எழுதியிருந்தது. உங்கள் புத்தகத்தைப் பற்றித் துரைக்கு ஒன்றும் தெரியாது. மருந்து கேட்ட சீட்டு தமிழில் இருந்ததையும் அவர் கேட்கவில்லை.

ராஜலிங்கம் வெளியே வந்து, மருந்துத் தட்டுக்குப் பின்னால் நின்று அழுதார். அவருக்கு இருபத்துநாலு வயது. அவரிடம் ஒரே ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும். 'இப்படி ஒரு சீட்டு வந்தால் எனக்குக் காட்டு.' நான் ஏன் சொல்லவில்லை? இரண்டு வருடம் யோசித்தாலும் ஒரே பதில்தான் வரும். உங்கள் புத்தகத்தைக் குறை சொல்லுகிறேன் என்று அவர் நினைப்பார், பொறாமை என்று நினைப்பார் என்று கூச்சப்பட்டேன்.

நவம்பரில் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகல் என் அலுமாரியில் இருக்கிறது. நேற்று அதை எடுத்து, அடுப்படி வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அது வெளியே வந்தால் உங்கள் வேலை போகும், உங்களை வழக்கில் இழுத்தாலும் இழுப்பார்கள். என் வேலையும் போகும். வராவிட்டால், சாகப்போகிற மனிதனின் பேரில் எழுதி மூடிவிடுவார்கள். யாரும் சிறைக்குப் போகமாட்டார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லி என்னையே சமாதானப்படுத்திப் பார்க்கிறேன்.

என்ன செய்ய? நீங்கள் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம் என்றால் அதற்கும் நான் சம்மதிப்பேன் போலிருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹாஷிம்

*

கீழ்ப்பிரிவு மருந்தறை
20 ஜனவரி 1935

அன்பின் ஹாஷிம்,

அந்தப் பெண் பதினாறாம் திகதி போனாள். கறுப்பையா நேற்று மத்தியானம்.

கடைசி இரண்டு நாளும் முகம் வீங்கி, ஈறெல்லாம் புண்ணாகி, பேச்சுக் குழறினாலும் நினைவு இருந்தது. முந்தாநாள் காலை என்னை அருகே கூப்பிட்டு, பதினான்காம் பக்கத்தை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். நாற்பதாம் பக்கத்தையும் வாசிக்கச் சொன்னான். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நா எங்கங்க தப்பு வுட்டேன்?" என்று கேட்டான்.

"நீ பிழை விடேல்லை. புத்தகம்தான் பிழை. நான் எழுதின புத்தகம்" என்றேன்.

அவன் கண்ணைத் திறந்து, என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். தனக்குப் பொறுப்பில்லை என்பது அவனுக்கு ஆறுதலாக இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. "இன்னும் எத்தன புத்தகம் இருக்குதுங்க?" என்று கேட்டான்.

இருநூறு அச்சடித்தேன். என் குறிப்பில் நூற்றிருபது பேரின் விலாசம் இருக்கிறது. மிச்சம் எங்கே என்று தெரியாது. ஒருவர் மற்றவருக்குக் கொடுத்திருப்பார், ஆட்கள் தோட்டம் மாறும்போது கையோடு கொண்டுபோயிருப்பார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். விசாரணை இருபத்தெட்டாம் திகதி தெல்தெனியவில். நகலைக் கொண்டு வாருங்கள். நீங்கள் அனுப்பிய மூலக் கடிதமும் டிசம்பர்க் கடிதமும் என்னிடம் இருக்கின்றன. நான் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் பேரில் எழுதி மூடினால், அந்தச் சொல்லில் பிழை இல்லை என்று முத்திரை குத்தியதாகும். மற்றத் தோட்டங்களில் அது அப்படியே கிடக்கும்.

அந்தத் திருத்தச் சீட்டுகள் இன்னும் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். எல்லாவற்றையும்.

வரதராசா

*

ரங்கலப் பக்கத்துத் தோட்டமொன்று
7 ஏப்ரல் 1935

அன்பின் ஹாஷிம்,

விசாரணை மண்டபத்தில் உங்கள் முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் எழுந்து நின்று நகலை வாசித்தீர்கள். ஒரு வரியையும் விடவில்லை. அன்று உங்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். கறுப்பையா மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். அவன் பெண்சாதி அந்தத் தாளின் பிரதியை வாங்கிச் சேலையில் முடிந்துகொண்டாள். என் வேலை போனதில் அதிசயம் இல்லை. உங்கள் வேலையும் போனதுதான் என்னை உறுத்துகிறது. திகனையில் சின்னதாகக் கடை போடுவதாக நஸீம் சொன்னார். ராஜலிங்கம் மருந்துத் தொழிலையே விட்டுவிட்டார் என்றும் சொன்னார்.

நான் பெப்ரவரியிலிருந்து நடக்கிறேன். ஒரு பையில் உங்கள் சீட்டுகள், ஒரு டப்பாவில் பசை, ஒரு போத்தலில் சுண்ணாம்புத் தெளிநீர். இதுவரை நூற்று முப்பத்தொரு புத்தகத்தைத் திருத்திவிட்டேன். நாற்பதாம் பக்கத்தைக் கிழித்து எடுக்கிறேன். இரண்டு மருந்தறைகளில் இரண்டு தூளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில், 'இரசப் பதங்கம்' என்று எழுதி வைத்த போத்தலிலேயே சுண்ணாம்பு நீர் மஞ்சளாயிற்று. போத்தலை மண்ணில் ஆழப் புதைத்தோம். அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, காய்ச்சல் குறைந்துவிட்டதால் தேவைப்படவில்லை என்றார்கள். மழைக்குப் பிறகு அது திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தோட்டத்துக்கு நேற்று வந்தேன். இங்கே புத்தகம் போனதாக என் குறிப்பில் இல்லை. ஆனாலும் வேலாயி என்ற தேயிலைக் கொழுந்துக்காரியிடம் ஒன்று இருப்பதாகக் கீழே சொன்னார்கள். மலையேறிப் போனேன். புத்தகம் அவளிடம் இல்லை. நாவலப்பிட்டிப் பக்கம் போன தமையன் கொண்டுபோய்விட்டானாம். அது இல்லாதது ஒரு குறையே இல்லை என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தமையன் தினமும் வாசிக்க, கேட்டுக் கேட்டு முழுவதையும் மனதில் வைத்திருக்கிறாள். என் முன்னால் நின்று, கண்ணைப் பாதி மூடி, பாட்டுப் போல ஒப்பித்தாள். தலைவலிக்கு இன்னது, இருமலுக்கு இன்னது. என் சொற்கள்தான், ஒரு எழுத்தும் பிசகவில்லை. 'வயிறு கழிய இரசப் பதங்கம், பெரியவருக்கு அஞ்சு கிரெயின், பிள்ளைக்கு ஒன்று.'

அதை மறந்துவிடு என்றேன். கலோமல் என்று சொல்லு என்றேன். நான் யார் என்று கேட்டாள். மருந்துக்காரன் என்று மட்டும் சொன்னேன். "இந்தப் புத்தகத்தாலதாங்க எம் மவன் பொழச்சான். அதுல இருக்கிறத மாத்த நீங்க யாருங்க?" என்றாள். அப்போது சொன்னேன், எழுதியவன் நான் என்று. நடந்ததையும் சொன்னேன். கறுப்பையாவின் பேரையும் சொன்னேன். வெயில் சாயும் வரை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் நம்பினாள். புதுச் சொல்லைப் பத்துத் தடவை திருப்பிச் சொல்லிப் பழகினாள். பதினோராம் தடவை, நினையாமல், பழைய சொல் வாயில் வந்துவிட்டது.

புறப்படும்போதுதான் அதைக் கேட்க எனக்குத் தோன்றியது. இதை வேறு யாருக்காவது சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டேன். வேலாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள். மடூல்கலையில் கட்டிக்கொடுத்த தங்கச்சி, பன்விலையில் நாத்தனார், மாத்தளைக்குப் போன மூன்று குடும்பம். இரண்டு கையும் முடிந்துவிட்டது. அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வரதராசா